சிவப்புக் கோடு: மும்பைச் சுங்கத் தரகு அலுவலகம் ஒன்றின் வேலை நேரம் பற்றிய நிகழ்வு ஆய்வு

காலை 9.40 ஆனதும் அந்த வருகைப் பதிவேட்டில் ஒரு சிவப்புக் கோடு விழும். கோட்டுக்கு மேலே கையெழுத்து இருந்தால் நேரத்துக்கு வந்தவர். கீழே இருந்தால் லேட் மார்க். மூன்று லேட் மார்க் சேர்ந்தால் அரை நாள் விடுப்பு கழியும். கோடு போடும் பொறுப்பு அலுவலகத்தின் மூத்த எழுத்தருடையது. முப்பத்தொரு ஆண்டுச் சேவை, திருநெல்வேலிக்காரர், முதலாளி உட்பட எல்லோருக்கும் அண்ணாச்சி. ஸ்கேலை வைத்து, பேனாவை ஒருமுறை உதறி, அவர் அந்தக் கோட்டை இழுக்கும் நேர்த்தியைப் பார்த்தால் அதற்காகவே அவர் தினமும் ரயிலேறி வருகிறாரோ என்று தோன்றும். அந்த எண்ணம் முழுக்கத் தவறும் இல்லை என்று பின்னால் தெரிந்தது.

2023 ஜூலையில் என்னை அங்கே அழைத்தார்கள். பெரிய நிறுவனங்களின் மனிதவளத் துறைகளில் இருபது ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது சிறு நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லிப் பிழைப்பவன் நான். முதலாளி இரண்டாம் தலைமுறை. அப்பா காரைக்குடிப் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு வந்து தொடங்கிய தொழில். "ஆள் நிற்க மாட்டேன் என்கிறார்கள். என்ன குறை என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. நீங்களாவது கேட்டுச் சொல்லுங்கள்" என்றார். நிறுவனத்தின் பெயரை இங்கே தவிர்க்கிறேன். மற்ற எல்லாம் நான் பார்த்தபடி.

ஒரே கூரையின் கீழ் இரண்டு தொழில்

தென் மும்பையின் பல்லார்ட் எஸ்டேட்டில் பழைய கல் கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடி. மொத்தம் 38 பேர். ஆவணப் பிரிவில் 16, கணக்கில் 7, களத்தில் 11, மற்றவர்கள் 4. பாதிக்கு மேல் தமிழர்கள். அண்ணாச்சி கொண்டுவந்து சேர்த்தவர்கள், அவர்கள் கொண்டுவந்து சேர்த்தவர்கள் என்று தாராவி, செம்பூர், டோம்பிவிலிக் குடும்பங்கள்.

சுங்கத் தரகு என்றால் வெளியே பலருக்குப் புரியாது. இறக்குமதியாளரின் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுப்பதும், ஏற்றுமதியாளரின் சரக்கைக் கப்பலேற்றுவதற்கான தாள்களை முடித்துக் கொடுப்பதும்தான் வேலை. இறக்குமதிக்கு பில் ஆஃப் என்ட்ரி, ஏற்றுமதிக்கு ஷிப்பிங் பில். இரண்டும் சுங்கத் துறையின் ஐஸ்கேட் இணையத்தளம் வழியாகத் தாக்கலாகின்றன. 2020 அக்டோபர் இறுதிக்குள் முகமறியா மதிப்பீடு நாடு முழுவதும் வந்துவிட்டது. நவ சேவா துறைமுகத்தில் இறங்கிய கன்டெய்னரின் தாளைச் சென்னையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி பார்க்கலாம். அவருடைய கேள்வி திரையில் வரும், பதிலும் திரையில்தான் போகும். சுங்க மாளிகைக் கவுண்டரில் கோப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற காலம் போயிற்று.

ஆனால் கன்டெய்னரைத் திறந்து சோதிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தால் ஓர் ஆள் அங்கே போய் நின்றே தீர வேண்டும். அதற்குச் சுங்கத்தின் அனுமதி அட்டை, அதாவது எச் கார்டோ, தேர்வு எழுதிப் பெறும் ஜி கார்டோ வைத்திருக்கும் களப் பணியாளர்கள். ஆவணப் பிரிவின் வேலை விசைப்பலகையில். களத்தின் வேலை வெயிலில், லாரிக்கும் கிரேனுக்கும் நடுவே. வேலை நேர ஏற்பாடு என்று பேசத் தொடங்கியதும் இந்த இரண்டு தொழிலையும் ஒரே விதியில் அடைக்கப் பார்த்ததுதான் முதல் கோணல்.

முதல் வாரம் நான் யாரையும் கேள்வி கேட்கவில்லை. ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். 9.30-க்கு எல்லோரும் ஓட்டமும் நடையுமாக வருவார்கள். அதன் பிறகு தேநீர். பிறகு நாளிதழ். பழைய கோப்பை அடுக்குவது போல ஒரு பாவனை. 11.30 வரை அங்கே வேலை என்று சொல்லத்தக்கது ஏறக்குறைய இல்லை. இறக்குமதியாளர்கள் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாவற்றையும் மதியத்துக்குப் பிறகுதான் அனுப்புவார்கள். சுங்கத்தின் கேள்விகள் பிற்பகலில் குவியும். ஐந்து மணிக்கு அலுவலகம் கொதிக்கும். ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டியவர்கள் எட்டரை வரை உட்கார்ந்திருப்பார்கள்.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. 2021-இல் சட்டம் மாறிய பிறகு, பொதுவாகக் கப்பல் வரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் பில் ஆஃப் என்ட்ரி தாக்கலாகிவிட வேண்டும். தவறினால் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதன்பின் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் தாமதக் கட்டணம். கட்டணம் யார் தலையில் விழுவது என்பதில் வாடிக்கையாளரோடு நடக்கும் சண்டை தனிக்கதை.

ஆக, காலையில் ஆள் இருந்தது, வேலை இல்லை. மாலையில் வேலை இருந்தது, ஆளைப் பிடித்து வைக்க வேண்டியிருந்தது. மாலையில் நின்ற அந்த இரண்டரை மணி நேரத்துக்குக் காசும் கிடையாது. மகாராஷ்டிரத்தின் 2017-ஆம் ஆண்டு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் மிகைநேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்று எழுதியிருப்பதை நான் சொன்னபோது முதலாளி சற்று நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழு ராஜினாமாக்கள்

2022 ஏப்ரலிலிருந்து ஓராண்டில் ஆவணப் பிரிவிலிருந்து ஏழு பேர் விலகியிருந்தார்கள். பதினாறில் ஏழு. ஏழு கடிதங்களிலும் "தனிப்பட்ட காரணங்களுக்காக" என்ற ஒரே சொற்றொடர். சம்பளம்தான் காரணம் என்று முதலாளி முடிவு கட்டி, நடுவில் ஓர் உயர்வும் கொடுத்திருந்தார். உயர்வு வாங்கிய கையோடு இரண்டு பேர் போனார்கள். அவருக்கு அதில்தான் மனக்கசப்பு.

இந்த இடத்தில் அமெரிக்க உளவியலாளர் ஃபிரடெரிக் ஹெர்ஸ்பெர்க் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். 1959-இல் அவரும் கூட்டாளிகளும் பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் ஏறக்குறைய 200 பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும் பேசி எழுதியது: மனக்குறையை உண்டாக்கும் காரணங்கள் ஒரு பட்டியல், ஊக்கத்தைத் தரும் காரணங்கள் வேறொரு பட்டியல். சம்பளம், மேற்பார்வை, நிர்வாக விதிகள் எல்லாம் முதல் பட்டியலில். அவற்றைச் சரி செய்தால் முணுமுணுப்பு அடங்கும், உற்சாகம் பிறக்காது. சாதித்த நிறைவு, மதிப்பு, பொறுப்பு ஆகியவை இரண்டாவது பட்டியலில். இதை அப்படியே நம்பிவிடக் கூடாது. நல்லது நடந்தால் என் திறமை, கெட்டது நடந்தால் நிர்வாகத்தின் குற்றம் என்று சொல்வது மனித இயல்புதானே என்று அப்போதே மறுத்தவர்கள் உண்டு. ஆனால் இந்த அலுவலகத்தில் சம்பள உயர்வு ஏன் எடுபடவில்லை என்பதற்கு அந்த முதல் பட்டியல் பொருந்தியது. குறை இருந்தது வேறொரு விதியில்.

பதிவேடுகளை வாங்கி வீட்டுக்கு எடுத்துப்போனேன். மூன்று மாத லேட் மார்க்குகளை ஆள் வாரியாக எழுதி, பக்கத்தில் அவரவர் இறங்கி ஏறும் ரயில் நிலையத்தை எழுதினேன். இரவு பதினொரு மணிக்கு என் மனைவி வந்து பார்த்துவிட்டு, "இது என்ன, மத்திய ரயில்வே கால அட்டவணையா?" என்றாள். கிட்டத்தட்ட அதேதான். மாட்டுங்கா, செம்பூர்: ஒன்றிரண்டு. முலுண்ட்: நான்கைந்து. டோம்பிவிலி, கல்யாண்: பத்துக்கு மேல். பதலாபூரிலிருந்து வரும் ஒரு பெண்மணிக்குப் பத்தொன்பது. சோம்பேறித்தனத்தின் பட்டியல் என்று அண்ணாச்சி காத்துவந்த கோடு, உண்மையில் கிலோமீட்டர் கணக்கு.

அந்தப் பதலாபூர் பெண்மணியின் கோப்புகளைத் தனியே எடுத்துப் பார்த்தேன். பதினோரு ஆண்டு அனுபவம். ஆவணப் பிரிவிலேயே திருத்தம் மிகக் குறைவாகத் தேவைப்பட்ட தாக்கல்கள் அவருடையவை. அலுவலகத்தின் மிகச் சிறந்த கை, பதிவேட்டின்படி மிக மோசமான ஊழியர். இது தெரியாமல் ஒரு நிறுவனம் எப்படி ஆண்டுகளைக் கடத்தியது என்று கேட்காதீர்கள். பதிவேடு ஓர் அலமாரியில் இருந்தது, திருத்த மனுக்கள் வேறோர் அலமாரியில் இருந்தன.

மும்பை ரயிலில் போகாதவர்களுக்காக ஒரு வார்த்தை. உச்ச நேரத்தில் ஒரு சதுர மீட்டரில் 14 முதல் 16 பேர் நிற்கும் நெருக்கத்துக்கு ரயில்வேயே தனிப்பெயர் வைத்திருக்கிறது. மூன்று பேர் இருக்கையில் நான்காவதாக அரை உடம்பை ஒட்டிவைத்துக்கொள்வதை இந்த ஊரில் நாலாவது சீட் என்பார்கள். அது கிடைப்பதே பெரிய பேறு. டோம்பிவிலியில் எட்டேகால் மணிவாக்கில் வரும் விரைவு வண்டியில் ஏற முடியாவிட்டால் அடுத்ததில் ஏறலாம். அடுத்ததிலும் ஏற முடியாமல் போகலாம். அப்படிப் போகும்போது பிளாட்பாரத்தில் நிற்கும் பெண்ணின் மனதில் ஓடுவது பல்லார்ட் எஸ்டேட்டின் சிவப்பு மை. ஓடும் வண்டியில் தொற்றிக்கொள்ள வைப்பது பல நேரங்களில் அந்த மைதான்.

முதல் முயற்சி: வாரம் இரண்டு நாள் வீடு

என் அறிக்கை முடிவதற்கு முன்பே முதலாளி ஒரு முடிவு எடுத்துவிட்டார். எல்லோரும் பேசுகிற விஷயம், நாமும் செய்வோம் என்று ஆவணப் பிரிவுக்கு வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை என அறிவித்தார். மடிக்கணினிகள் வாங்கினார். எந்த இரண்டு நாள் என்பதை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பிரிவுத் தலைவர் அனுமதிப்பார். நானும் தடுக்கவில்லை. தடுத்திருக்க வேண்டும்.

மூன்றே வாரத்தில் கோணல்கள் வெளிப்பட்டன. தாராவியிலிருந்து வரும் ஓர் இளைஞர் தன் வீட்டு நாள்களிலும் அலுவலகத்துக்கு வந்து நின்றார். கேட்டால், "நெட் சரியில்லை சார்." மூன்றாம் முறை கேட்டபோது வராந்தாவுக்கு அழைத்துப் போய்ச் சொன்னார். பத்துக்குப் பதினைந்து அறை, ஐந்து பேர், இரவுப் பணி முடித்த அப்பா பகலில் அங்கேதான் தூங்குகிறார். "அப்பாவை எழுப்பிவிட்டுத்தான் சார் நான் உட்கார வேண்டும்." அவருக்கு அலுவலக மேசைதான் சொந்த இடம். அந்த மேசையை வாரம் இரண்டு நாள் பறித்துக்கொண்டு அதற்குச் சலுகை என்று பெயர் வைத்திருந்தோம்.

டோம்பிவிலிப் பெண்கள் இரண்டு பேரின் கதை எதிரெதிர். ஒருவருக்கு வீட்டு நாள் வரம். குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர முடிந்தது. இன்னொருவர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "வீட்டில் இருக்கிறேன் என்று தெரிந்ததும் நாத்தனார் வீட்டிலிருந்து சாப்பிட ஆள் வந்துவிடுகிறார்கள். நான் ஆபீசில் இருக்கிறேன் என்பதே எனக்கு ஒரு பாதுகாப்பு சார்."

இதற்கு மேல் டிஜிட்டல் கையொப்பம். தாக்கலில் அந்தக் கையொப்பத்தை இடும் சிறு டோக்கன் அலுவலகக் கணினியில் செருகப்பட்டிருக்கும். வீட்டில் தயாரான தாக்கல் எல்லாம் அங்கே வந்து வரிசையில் நின்றது. வெள்ளிக்கிழமை அனுமதியோ சின்ன தர்பாராக மாறியது. தலைவருக்கு வேண்டியவர்களுக்குத் திங்களும் வெள்ளியும், மற்றவர்களுக்குச் செவ்வாயும் வியாழனும். கடைசியாக முதலாளியின் பயம். வீட்டிலிருப்பவர்கள் மணிக்கொரு முறை வாட்ஸாப்பில் செய்தி போட வேண்டும் என்றார். பதினோரு ஆண்டு அனுபவமுள்ள பெண்மணி, மணியடித்தாற்போல "இருக்கிறேன் சார்" என்று எழுதிக்கொண்டிருந்தார். அவர் ராஜினாமா செய்யாமல் இருந்ததே நிறுவனத்தின் அதிர்ஷ்டம்.

வீட்டு வேலைக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் எல்லோரும் எடுத்துக்காட்டும் ஷாங்காய்ச் சோதனையை முதலாளியும் எங்கோ படித்திருந்தார். 2010 டிசம்பரில் தொடங்கி ஒன்பது மாதம், சிட்ரிப் என்ற பயணச் சேவை நிறுவனத்தின் அழைப்பு மையத்தில், ஸ்டான்ஃபோர்டு பொருளியலாளர் நிக்கோலஸ் புளூமும் குழுவினரும் நடத்தியது. வீட்டிலிருந்து வேலை செய்தவர்களின் செயல்திறன் 13 சதவீதம் கூடியது, விலகுவோர் எண்ணிக்கை பாதியானது. இந்த இரண்டு எண்களும் ஊரெல்லாம் சுற்றின. சுற்றாத செய்திகள் இரண்டு உண்டு. சேர்வதற்கு வீட்டில் தனியாக உட்காரும் அறை இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சோதனை முடிந்து விருப்பம் கேட்டபோது வீட்டிலிருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்பிவிட்டார்கள், தனிமை தாங்கவில்லை. தாராவி அறையைப் பார்த்த பிறகு அந்த முதல் நிபந்தனையை முதலாளிக்கு அடிக்கோடிட்டுக் காட்டினேன்.

நவ சேவாவிலிருந்து ஒரு கேள்வி

களப் பணியாளர்கள் பதினொரு பேரும் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை நவ சேவாவில் சரக்கு நிலையத்துக்கு வெளியே தேநீர்க் கடையில் அவர்களோடு நின்றேன். நெருலில் குடியிருக்கும் ஒருவர், நாற்பது வயதிருக்கும், கேட்டார்: "வீட்டிலிருந்தே கன்டெய்னரைத் திறந்து காட்டலாமா சார்? சொல்லுங்கள், நானும் வீட்டில் இருக்கிறேன்." எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஒரு கத்தி இருந்தது.

மேற்கொண்டு பேசியதில் எனக்குத் தெரியவந்ததைப் படிப்பவர்கள் நம்ப மாட்டார்கள். நெருல் நவி மும்பையில் இருக்கிறது. துறைமுகமும் அதே கரையில்தான். இந்த மனிதர் காலையில் நெருலில் ஹார்பர் தட ரயில் ஏறி, தென் மும்பையின் கடைசி நிலையமான சி.எஸ்.எம்.டி. வந்து, பல்லார்ட் எஸ்டேட் மாடியேறி, சிவப்புக் கோட்டுக்கு மேலே கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு மறுபடியும் விரிகுடாவைச் சுற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போவார். ஒரு கையெழுத்துக்காகத் தினமும் ஏறக்குறைய மூன்று மணி நேரம். அவரைப் போல் நான்கு பேர். ஏன் என்று கேட்டால், எப்போதும் அப்படித்தான். முன்பு கோப்புகளைத் தாளாக எடுத்துப்போக வேண்டியிருந்தது. ஆவணங்களை மின்வழி ஏற்றும் வசதி வந்து ஐந்தாண்டாகிவிட்டது. கோப்பு போய்விட்டது, பழக்கம் தங்கிவிட்டது.

அவர்களுடைய இன்னொரு குறை சோதனை நேரம். நாளை யார் எங்கே என்பது இரவு ஒன்பது மணிக்குத்தான் அவர்களுக்குத் தெரியும். பிள்ளையை மருத்துவரிடம் காட்டக்கூட நேரம் குறித்துக்கொள்ள முடியாது. வீட்டிலிருந்து வேலை அவர்களுக்குத் தேவையில்லை. நாளைய பகல் தனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே. வேலை நேரத்தின் நெகிழ்வு பற்றி எழுதுகிறவர்கள், நானும் சேர்த்துத்தான், பெரும்பாலும் மேசைக்காரர்கள். அதனால் வீடா அலுவலகமா என்ற கேள்வியிலேயே நின்றுவிடுகிறோம்.

இரண்டாம் முயற்சி

செப்டம்பரில் அறிக்கை கொடுத்தேன். ஒரே பக்கம். ஆவணப் பிரிவுக்கு 11.30 முதல் 4.30 வரை பொது நேரம். அப்போது எல்லோரும் இருக்க வேண்டும். எட்டு மணிக்கும் பதினொன்றரைக்கும் இடையே எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். உணவு இடைவேளை சேர்த்து எட்டரை மணி நேரம் முடிந்ததும் கிளம்பலாம். இரவு எட்டு வரை மேசையில் மூன்று பேர் இருக்க வேண்டும். யார் என்பதை அவர்களே பேசிக்கொள்ளட்டும். ஒவ்வொருவரும் அடுத்த மாதத்துக்கான தன் நேரத்தை மாதக் கடைசி நாளில் அதே பதிவேட்டில் தானே எழுத வேண்டும். காரணம் எழுத வேண்டாம். மேலதிகாரியின் ஒப்பமும் வேண்டாம். வீட்டிலிருந்து வேலை என்பது வேண்டுகிறவர்களுக்கும், வானிலைத் துறை சிவப்பு எச்சரிக்கை விடும் மழை நாள்களில் எல்லோருக்கும்.

எட்டு மணி என்று நிறுத்தியதற்கு வாடிக்கையாளர் மட்டும் காரணமில்லை. இரவு 9.30-க்கு மேல் பெண்களை வேலையில் வைக்க அவர்களுடைய சம்மதமும் போக்குவரத்துப் பாதுகாப்பும் சட்டப்படி தேவை. அந்த எல்லைக்கு அருகிலேயே போகக் கூடாது என்று நினைத்தேன்.

களத்துக்கு மூன்று வரிகள். பணி அட்டவணை பத்து நாள் முன்பே ஒட்டப்படும். இரண்டு பேர் தங்களுக்குள் நாளை மாற்றிக்கொண்டால் தெரிவித்தால் போதும், கேட்க வேண்டாம். நவி மும்பைக்காரர்கள் நேரே துறைமுகம் போகலாம்.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. நடுவில் பொது நேரம், இரு முனையிலும் நெகிழ்வு என்ற ஏற்பாடு 1967-இல் மியூனிக் அருகே ஓட்டோபுருன்னில் ஒரு விமான நிறுவனத்தில் தொடங்கியது. அங்கேயும் தொல்லை வாசலில் ஒரே நேரத்தில் குவிந்த வாகனங்கள்தான். மும்பையே இதை 2021 பிப்ரவரியில் கட்டாயமாகப் பார்த்திருக்கிறது. பெருந்தொற்றுக்குப் பிறகு பொதுமக்களுக்கு ரயிலைத் திறந்தபோது காலை ஏழுக்கு முன், மதியம் பன்னிரண்டு முதல் நான்கு வரை, இரவு ஒன்பதுக்குப் பின் என்று நேரம் பிரித்தார்கள்.

முதலாளி இரண்டு மாதம் இழுத்தடித்தார். "யார் எப்போது வருவார் என்று தெரியாத கடையை எப்படி நடத்துவது?" என்பது அவர் கேள்வி. என் வாதங்கள் எதுவும் அவரை அசைக்கவில்லை. அசைத்தது நாளிதழ்ச் செய்தி. அந்த நவம்பரில் மத்திய ரயில்வே தன் தலைமையக ஊழியர்களுக்கே 9.30 முதல் 5.45 வரை, 11.30 முதல் 7.45 வரை என்று இரண்டு நேரங்களைக் கொண்டுவந்தது. "ரயில்வேயே தன் வண்டியில் தன் ஆளை ஏற்ற முடியவில்லை என்று ஒப்புக்கொண்டுவிட்டது" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

புதிய ஏற்பாட்டின் முதல் மாதம் டிசம்பர். பதிவேட்டில் பதினாறு பேரும் 9.30 என்று எழுதினார்கள்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு பதலாபூர் பெண்மணி சொன்னார்: "11.30 என்று எழுதினால் சார் நினைவில் வைத்துக்கொள்வார்." உரிமை தாளில் இருந்தது, பயம் பழைய இடத்திலேயே இருந்தது. முதலாளி வழக்கமாகப் பத்தரைக்குத்தான் வருவார். அவர் பெயர் பதிவேட்டில் இருந்ததே இல்லை. அடுத்த மாதம் அவரையே முதல் வரியில் தன் பெயரையும் 10.30 என்றும் எழுதச் சொன்னேன். முகம் சுளித்துக்கொண்டு எழுதினார். ஜனவரியில் நான்கு பேர் 11.30, மூன்று பேர் எட்டு மணி. மார்ச்சில் 9.30 எழுதியவர்கள் இரண்டே பேர். இரண்டு பேரும் மாட்டுங்காக்காரர்கள்.

இரவு மேசைக்குச் சண்டை வரும் என்று நான் எதிர்பார்த்தேன். வரவில்லை. பதினொன்றரைக்கு வருகிறவர்கள் எட்டு வரை இருப்பது கணக்கின்படியே விழுந்தது. இதை நான் முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும், வெட்கமாகத்தான் இருக்கிறது.

அண்ணாச்சியின் மனத்தாங்கல்

எல்லோரும் மகிழ்ந்த ஜனவரியில் ஒருவர் மட்டும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். அவரைப் பற்றி அறிக்கையில் நான் ஒரு வரிகூட எழுதவில்லை. முப்பத்தொரு ஆண்டு, செம்பூர் வருவதற்கு முன் அம்பர்நாத்திலிருந்து, விடியற்காலை நாலரைக்கு எழுந்து, ஒரு நாளும் கோட்டுக்குக் கீழே கையெழுத்துப் போடாத மனிதர். "நான் பட்ட பாட்டுக்கு என்ன அர்த்தம் தம்பி? பதினொன்றரைக்கு வருகிறவனும் நானும் ஒன்றா?" என்று கேட்டார். உளவியலாளர் ஸ்டேசி ஆடம்ஸ் 1963-இல் எழுதிய நேர்மைக் கோட்பாடு இதைத்தான் பேசுகிறது: மனிதன் தன் உழைப்பையும் பலனையும் பக்கத்து மேசையோடு ஒப்பிட்டே எடைபோடுகிறான். ஆனால் அந்த நேரத்தில் கோட்பாடு சொல்லி யாரைத் தேற்ற முடியும்? "இல்லை அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னேன். அவர் தன் நேரத்தை எட்டு மணி என்று எழுதிக்கொண்டார்.

என்ன மாறியது, என்ன மாறவில்லை

2024 முழுவதும் ஆவணப் பிரிவிலிருந்து இரண்டு பேர் விலகினார்கள். ஒருவர் திருமணமாகிக் கோயம்புத்தூர் போனவர். தாமதக் கட்டணத் தகராறுகள் குறைந்தன. களத்தில் ஒருவரும் விலகவில்லை. அந்த ஜனவரியில் உரண் வரை ரயில் திறந்தது. வண்டி அடிக்கடி இல்லை என்றாலும் நெருல்காரருக்குத் துறைமுகம் அருகே வந்துவிட்டது. எனவே அவருடைய நிம்மதியில் என் பங்கு எவ்வளவு, ரயில்வேயின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. முப்பத்தெட்டுப் பேர் கொண்ட ஓர் அலுவலகத்தின் ஓராண்டை வைத்து யாரும் கொடி பிடிக்கக் கூடாது.

ஒப்பிட ஒன்று உண்டு. அதே சீன நிறுவனம் 2021-22-இல் 1,612 பேரிடம் வாரம் இரண்டு நாள் வீட்டு வேலையைச் சோதித்து, முடிவு 2024-இல் நேச்சர் இதழில் வந்தது. விலகுவோர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். பெண்களிடமும், தொலைவிலிருந்து வருபவர்களிடமும், மேலாளர் அல்லாதவர்களிடமும் அது தெளிவாகத் தெரிந்தது. செயல்திறன் மதிப்பீட்டில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. சோதனைக்கு முன் உற்பத்தித் திறன் 2.6 சதவீதம் குறையும் என்று கணித்த மேலாளர்கள், முடிந்த பிறகு ஒரு சதவீதம் கூடியதாகச் சொன்னார்கள். எங்கள் முதலாளியின் பயமும் அந்த வகைதான்.

கணக்குப் பிரிவு எனக்கு வேறு பாடம் சொன்னது. அவர்களுக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது ஏழு பேரும் மறுத்தார்கள். மாதம் 11-ஆம் தேதி ஒரு ஜி.எஸ்.டி. படிவம், 20-ஆம் தேதி இன்னொன்று. அவர்கள் நாள்காட்டி ஏற்கெனவே நிரம்பியது. "எங்களுக்கு 9.30 முதல் 6 வரை போதும். ஆறுக்கு மேல் யாரும் போன் செய்யாமல் இருந்தால் சரி" என்றார்கள். எழுதிக் கொடுத்தோம். முதலாளி இன்னும் மாதத்துக்கு இரண்டு முறையாவது அதை மீறுகிறார்.

பிரசவ விடுப்பு முடிந்து வந்த முலுண்ட் பெண்ணுக்கு, ஒப்பந்தப்படி வீட்டிலிருந்து தொடரலாம் என்று 2017-ஆம் ஆண்டு மகப்பேறு சட்டத் திருத்தமே இடம் கொடுத்திருந்தது என்பது அந்த அலுவலகத்தில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. தெரிந்தபோது அவர் குழந்தைக்கு ஒரு வயது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வேலை கற்றுக்கொடுப்பது கடினமாகிவிட்டது என்று பிரிவுத் தலைவர் குறை சொன்னார். உண்மைதான். மூத்தவர் பதினொன்றரைக்கு வந்தால், புதியவர் யாரைக் கேட்பார்? பொது நேரத்தில் எல்லோருக்கும் தலைக்கு மேல் வேலை. இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. வாரம் ஒரு நாள் வகுப்பு என்று ஏதோ எழுதிக் கொடுத்தேன். அது இரண்டு வாரம் நடந்து நின்றது.

கடைசியாக நான் போனது 2025 பிப்ரவரியில், ஒரு சந்திப்புக்காகக் காலை எட்டேகாலுக்கே. அலுவலகத்தில் இரண்டே பேர். அண்ணாச்சியும் தாராவி இளைஞரும். அவரும் எட்டு மணிக்காரராகிவிட்டார். அப்பா வீட்டுக்கு வந்து படுக்கும் முன் கிளம்பிவிடுகிறார். மேசையில் சுங்கக் கட்டண அட்டவணை விரிந்து கிடந்தது. பிளாஸ்டிக் பொருள் ஒன்று எந்த அத்தியாயத்தில் விழும் என்று அண்ணாச்சி கேட்டுக்கொண்டிருந்தார். இளைஞர் சொன்ன பதிலுக்கு, "பொதுவிதியைப் படித்துவிட்டு மறுபடி சொல்" என்றார். இளைஞர் ஜி கார்டு தேர்வு எழுதப் போகிறாராம். நான்கு மாதமாகத் தொலைபேசி ஒலிக்கத் தொடங்கும் வரை இப்படித்தான் என்றார்கள். யார் தொடங்கியது என்று கேட்டேன். அண்ணாச்சி கேள்வியைக் காதில் வாங்காதவர் போல ஸ்கேலை எடுத்து, அட்டவணையில் ஒரு வரியின் கீழே சிவப்பு மையால் கோடு போட்டார்.